பாயசத்தில் கரைந்த லஸ்தர்

மகனே,

இதுவரை யாரும் எழுதாத, இனி யாரும் நம்பாத ஒரு கதையை உனக்கு எழுதப் போகிறேன் என்று பாகூர் ஏரிமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். அந்த ஏரியில் எத்தனை சொட்டுத் தண்ணீர் இருக்கிறதோ அத்தனை பொய் இந்த வாயிலிருந்து வந்திருக்கிறது என்பாள் உன் அம்மா. அவள் சொல்வது கொஞ்சம் குறைச்சல்தான். ஊரெல்லாம் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறது. பல் கொட்டின கிழவனுக்கும் நான் சித்தப்பா, பல் முளைக்காத பிள்ளைக்கும் சித்தப்பா. சித்தப்பா சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை, கேட்டுச் சிரித்தால் போதும் என்பதுதான் அதில் வசதி. என்னை அப்பா என்று கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் நம்பி வளர்ந்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். அதனால் இந்த முதல் வரியையே நாலு தடவை அடித்து அடித்து எழுதினேன். கோழி கிளறின எழுத்தாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

வெள்ளிக்கிழமை உனக்குக் கப்பல். சைகோனில் எழுத்து வேலை, கோட்டு போட்டுக்கொண்டு போகிற உத்தியோகம். எனக்குப் பெருமையில் மீசை அரை முழம் வளர்ந்துவிட்டது. ஆனால் நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, “அவள இட்டுக்கினு போவாதடா. மணைய வுட்டு எழுந்தவ. நடுக்கடல்ல இன்னா ஆவுமோ யாரு கண்டது?” என்றாள். நீ தலை நிமிராமல், “சரிம்மா, நான் மட்டும் போறேன். அப்பால பாத்துக்கலாம்” என்றாய். உன் பெண்டாட்டி அஞ்சலை அப்போது உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின ரசம் ஒரு துளி சிந்தவில்லை, தாரை கோணவில்லை. சைகோன் போனவர்களுடைய ‘அப்பால’ எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நம்ம பாகூர்க் கொம்யூன் ஊர்களில் அப்படி ஒரு ‘அப்பால’வுக்காகக் காத்துக்கொண்டு தலை நரைத்த பெண்டுகள் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இங்கே பொங்கலுக்குப் புடவை மட்டும் அனுப்புகிற மகராசன்களும் இருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? “கப்பக்காரன் சகுனமா பாக்கறான்? டிக்கெட்டுதானடா பாக்கறான்!” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த ஒரு சிரிப்புக்காக ராத்திரி முழுக்க என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொண்டேன். அவள் மணையை விட்டு எழுந்ததற்குக் காரணம் சகுனமும் இல்லை, பேயும் இல்லை. உன் அப்பாவும் அவன் தொங்கவிட்ட லஸ்தரும்தான்.

லஸ்தர் வந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். உன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஊரைவிட்டுப் போகிற ஒரு பிரெஞ்சுத் துரையின் சாமான்களைப் புதுச்சேரியில் ஏலம் போட்டார்கள். நான் போனது ஒரு பழைய மேசை வாங்க. நமக்குச் சம்பந்தியாக வரப்போகிற ஒதியம்பட்டுக்காரர் வீட்டில் பெட்டி வைத்த பாட்டு மெஷின் ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து கேட்க மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் வயிற்றில் நெருப்பு. அங்கே ஒரு மூலையில் கோணிமேல் கிடந்தது இந்தச் சரவிளக்கு. துரைமார் அதை லஸ்தர் என்பார்கள். நூற்றெட்டுக் கை, ஆயிரத்தெட்டுக் கண்ணாடித் தொங்கட்டான், யானை தும்பிக்கையால் தூக்கினால் யானைக்கே இடுப்புப் பிடித்துக்கொள்ளும் கனம். பிச்சைக்காரன் கேட்கிற விலைக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாகூருக்கு வருகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கே வருகிறதே, அங்கே சாவடிக்காரன் வண்டியை நிறுத்திக் கோணியை விலக்கினான். வெயில் பட்டு எல்லாத் தொங்கட்டானும் ஒரே சமயத்தில் கண் சிமிட்டின. “இன்னாய்யா இது, வைரமா?” என்றான். நான் கைகூப்பி, “அம்மனுக்கு நேர்ந்துகிட்ட விளக்கு சாமி” என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். என் லஸ்தர் முதல் நாளே ஒரு பொய்யோடுதான் பிரெஞ்சு மண்ணை மிதித்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டது உனக்கும் காதில் விழுந்திருக்கும். “கட்ன பொண்டாட்டிக்கு ஒரு வஸ்திரம் வாங்கத் துப்பில்ல, லஸ்தர் வாங்கியாந்துட்டாரு தொர!”

தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் அதன் கோலம் தெரிந்தது. பித்தளையெல்லாம் களிம்பேறிப் பாசி மாதிரி பச்சை. தொங்கட்டான்களில் பாதி இல்லை. இருந்த பாதியிலும் மெழுகுப் பிசுக்கும் புகையும் படிந்து, கண் பூத்த கிழவி மாதிரி முழித்தன. இப்படி ஒரு பழைய லஸ்தரைக் கையிலிருப்பதைக் கொண்டு புதுசாக்குவது எப்படி என்று அந்த இரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை ஒரு சாஸ்திரமாகவே எழுதலாம். ஒவ்வொரு தொங்கட்டானையும் கழற்றி, பூந்திக்கொட்டை ஊறின வெந்நீரில் போட்டு, பழைய மல் துணியால் துடைக்கவேண்டும். கழற்றும்போதே எது எந்த வளையத்தில் இருந்தது என்று வரிசையாகப் பாயில் அடுக்கி வைக்காவிட்டால், மறுபடி கோக்கும்போது மூக்குத்தி போகிற இடத்தில் ஒட்டியாணம் தொங்கும். பித்தளையைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கவேண்டும். நீயும் ஒரு வாரம் தேய்த்தாய், உள்ளங்கையில் வரி அழிந்துபோனது என்று ஜோசியக்காரன் கையை விரித்தானே! மெழுகுவத்திக்குக் கட்டுப்படியாகாது என்று, மெழுகுவத்தி நிற்கிற கிண்ணத்திலெல்லாம் சின்னக் கண்ணாடிக் குவளை வைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். அறுந்த சங்கிலிக்குப் பதிலாக, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடத்தைக் கட்டினேன். எல்லாம் ஆனது. இல்லாத பாதித் தொங்கட்டானுக்கு என்ன செய்வது?

முதலில் புட்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம்ம பிரெஞ்சு ராச்சியத்தில் புட்டிக்கா பஞ்சம்? உடைத்துத் தேய்த்துக் கட்டியதில், லஸ்தர் ஒரு பக்கம் துரை வீட்டு விளக்காகவும் மறுபக்கம் சாராயக்கடையாகவும் தெரிந்தது. பிறகு என் மூக்குக் கண்ணாடியின் இரண்டு சில்லையும் கழற்றி மாட்டினேன். விளக்கு என்னைத் தெளிவாகப் பார்த்தது, எனக்குத்தான் விளக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் வில்லியனூரில் மொய்தீன் பாய் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணச் சாமானுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகர டின்னில் கற்கண்டு. பெரிய பெரிய கட்டி, ஆறு பட்டை எட்டுப் பட்டை, நூலிலேயே விளைந்து நூலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். அதற்குள் வானவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

“பாய், இதக் குடுங்க. நூலோட குடுங்க.”

“இன்னா அண்ணாத்தே, ஊருல எல்லாரும் நூலு வருதுன்னு எங்கிட்ட சண்ட போட்றாங்க. நீங்க நூலோட கேக்கறீங்களே?”

விஷயத்தைச் சொன்னேன். கேட்டவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணாத்தே, இது பாயசத்துல போட்றது. பந்தல்ல தொங்க வுட்றது இல்ல. எறும்பு வரும். வெளக்கு சூடு பட்டா பாகா உருகும். யாரு தலயிலனா சொட்டப்போவுது.”

“சொட்டினா இன்னா பாய், நம்ம வூட்டுக் கல்யாணத்துல வானமே தேன் பொழிஞ்சுதுன்னு சொல்லிக்கறேன்.”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது” என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். மகனே, சிரிக்க வைத்துவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பது நம் குடும்பத்தில் என்னோடு ஒழியட்டும். அந்த மனுஷன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகு இல்லை. பேச்சில் நான் ஜெயித்தேன், அதற்கு வேறொருத்தி இன்றுவரை தோற்றுக்கொண்டிருக்கிறாள்.

கற்கண்டைக் கட்டினதும் நீ வந்து பார்த்தாய். “புதுக் கண்ணாடி பழசவிட பளபளன்னு கீதேப்பா, எங்க வாங்கின?” என்றாய். “பாரீஸ்லேர்ந்து தருவிச்சேன்” என்றேன். நீ நம்பினாய். எட்டு வயசில், பாகூர் ஏரியில் முதலைக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும் என்று நான் சொன்னபோது, கரையில் நின்று ‘பொன்ழூர்’ சொன்னாயே, அதே கண்ணால் நம்பினாய். அந்தக் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்ல அப்போது எனக்கு வாய் இருந்தது, மனசு இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சம்பந்தி வீட்டார் இறங்கினார்கள். பந்தல் நடுவில், மணவறைக்கு நேர் மேலே லஸ்தர். திரிகளை ஏற்றினேன். ஒதியம்பட்டுக்காரர் அண்ணாந்து பார்த்த பார்வையில் அவருடைய தலைப்பாகை பின்னால் விழுந்தது. “இன்னா சம்பந்தி, சூரியனப் புடிச்சுக் கட்டித் தொங்க வுட்டுட்டீங்களா?” என்றார். “சூரியன் வூட்டுக்குப் போற நேரமாச்சு, சும்மா இருக்கட்டுமேன்னு வரச் சொன்னேன்” என்றேன். பந்தலே சிரித்தது. அவருடைய பாட்டு மெஷினைப் பற்றி அன்றைக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தரையில் நடக்கவில்லை, ஒரு சாண் உயரத்தில் மிதந்தேன். மிதந்துகொண்டே படுக்கப் போனேன்.

விடியற்காலை முகூர்த்தம். மறுபடியும் எல்லாத் திரியையும் ஏற்றியாயிற்று. அப்போதுதான் படை வந்தது. கரையாம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கருப்பெறும்புப் பட்டாளம் ஒன்று, இங்கிலீஷ் எல்லையிலிருந்து தீர்வை கட்டாமல் சாவடிக்காரன் காலுக்கு நடுவில் புகுந்து வந்த செவ்வெறும்புப் பட்டாளம் ஒன்று. முன்னால் வந்த எறும்புக்குத் தலைப்பாகை இருந்தது. பின்னால் வந்தது கொம்பு ஊதிற்று. கவலை வடத்தில் ஏறி, பித்தளைக் கையில் அணிவகுத்து, கற்கண்டுக்கு ஒரு வட்டமாக உட்கார்ந்து பந்தி நடத்தின. பந்தியில் இடம் கிடைக்காத ஒரு தளபதி எறும்பு கோபித்துக்கொண்டு மேலேயிருந்து குதித்தது. நேராக உன் பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்த அஞ்சலைமேல் விழுந்து, பத்துத் தேள் சேர்ந்தாற்போல் ஒரு கடி.

ஐயர் தாலியை எடுத்து உன் கையில் கொடுத்த நேரம் அது. கெட்டிமேளம் கொட்ட மேளக்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். அஞ்சலை எழுந்துவிட்டாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம். அவ்வளவுதான். உடனே உட்கார்ந்தாள், நீ தாலி கட்டினாய். ஆனால் மூன்றாம் முடிச்சுப் போட அவளுக்குப் பின்னால் நின்றிருந்தவள் என் தங்கை, உன் கிருமாம்பாக்கத்து அத்தை. அவள் குரல் கெட்டிமேளத்துக்கு மேல் கேட்டது. “ஐயோ, தாலி ஏறுறதுக்குள்ள பொண்ணு மணைய வுட்டு எழுந்துட்டாளே! இவ வூடு தங்குவாளாடீ?” தாலியைக் கையில் எடுத்தபிறகு அது கழுத்தில் ஏறுகிறவரை மணை காலியாக இருக்கக்கூடாது என்பது நம்ம பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சம்பிரதாயம். பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சம்பந்தியின் முகம் கருத்துப்போனது. நேற்றுச் சூரியனைப் பார்த்தவர் இன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். “பொண்ணு மேல குத்தம் இல்ல, நான் தொங்க வுட்டது கண்ணாடி இல்ல, கற்கண்டு.” ஊர் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். சம்பந்தி சிரித்திருப்பார். மறுவாரம் சந்தையில் என்னைக் கற்கண்டுச் சித்தப்பா என்று கூப்பிட்டிருப்பார்கள். அவள் எழுந்தது அந்தச் சிரிப்பில் காணாமல் போயிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரைச் சிரிக்க வைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்றதும் நாக்கை விழுங்கிவிட்டேன். பிறகு செய்ததைக் கேள். எல்லோரும் மொய் எழுதப் போன சமயத்தில், ஏணி வைத்து ஏறி, கற்கண்டு முழுக்கக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சமையல்காரரிடம், “பாயசத்துக்குச் சக்கரை பத்தாது, இதையும் போடு” என்று கொட்டினேன். ஒதியம்பட்டார் இரண்டு பந்தி என் லஸ்தரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்கள். “பாயசம் பிரமாதம், ஆனா கொஞ்சம் பொக வாசன வருது” என்றார் சம்பந்தி. “வெறகு ஈரம்” என்றேன். சாட்சியை விருந்தாளியின் வயிற்றிலேயே புதைத்தவன் நான்.

அதற்கப்புறம் நடந்த மூன்று வருஷத்தை நீயும் இந்த வீட்டில்தானே இருந்து பார்த்தாய். கல்யாணமான ஆறாம் மாதம் எருமை செத்தது, மணையை விட்டு எழுந்தவள் வந்ததால். கரும்பில் செவ்வழுகல் விழுந்தது, அவளால். உனக்கு முறைக்காய்ச்சல் வந்தது, அவளால். அவள் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை, அதற்கும் அவள்தான். எருமைக்கு வயசு பதினெட்டு என்று எனக்குத் தெரியும். செவ்வழுகல் பாகூர்க் கரும்பு முழுக்க விழுந்தது என்றும் தெரியும். ஒவ்வொரு தடவையும் உன் அம்மா அந்த வார்த்தையை எடுத்தபோது, நான் ஒரு வேடிக்கை சொல்லிப் பேச்சை மாற்றினேன். மாற்றினேனே தவிர, மறுக்கவில்லை. அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன். கொள்ளிக்கட்டையின்மேல் பட்டுத்துணியைப் போர்த்திவிட்டு, இனி சுடாது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. நீ புதுச்சேரி போயிருந்தாய், உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அஞ்சலை எனக்குக் கூழ் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். “அம்மா அஞ்சல, அன்னிக்கு நான் அந்த லஸ்தர்ல…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மாமா” என்றாள்.

“தெரிஞ்சும் ஏம்மா இத்தன நாளா நீ யார்கிட்டயும் சொல்லல?”

வெங்காயத்தை உரித்து என் பக்கம் நகர்த்திவிட்டு, “சொன்னா ஊரே உங்களப் பாத்து சிரிக்கும். உங்களால தாங்க முடியாது மாமா. நான் திட்டு தாங்கிக்குவேன்” என்றாள்.

அவள் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். என் நாற்பது வருஷத்துப் பெரிய வாய், மீசை, சாமர்த்தியம், எல்லாவற்றையும் இருபது வயசுப் பெண் எடைபோட்டு, இது திட்டைத் தாங்காத சரக்கு, சிரிப்பைத் தாங்காத சரக்கு என்று கண்டுபிடித்து, எனக்குப் பதிலாகத் தான் சுமந்துகொண்டிருக்கிறாள். மானமுள்ளவனாயிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து தெருவில் போய்க் கத்தியிருப்பேன். நான் கூழைக் குடித்தேன், மகனே. உப்புச் சரியாக இருக்கிறது என்றேன்.

உனக்கு நான் புத்தி சொல்ல இத்தனையும் எழுதவேண்டியிருக்கிறது பார். சைகோனில் நீ பெரிய மனுஷர்களோடு பழகுவாய். அவர்கள் வீட்டில் இல்லாதது உன் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஒருநாள் தோன்றும், எனக்குத் தோன்றியதுபோல. அப்போது இல்லாததை இல்லை என்றே வை. ஒரு தொங்கட்டான் குறைந்தால் விளக்கு எரியாமல் போகாது. தப்புச் செய்வாய், செய்யாமலிருக்க நீ என் பிள்ளையாகப் பிறந்திருக்கக்கூடாது. செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் அது சிரிப்புக் கதை. மூன்று வருஷம் வைத்திருந்து சொன்னால் இந்தக் கடிதம் மாதிரி இருக்கும். இன்னொன்று, எது கேட்டாலும் ஒரு வேடிக்கை சொல்கிற ஆளைக் கண்டால், அவன் எதை மறைக்கிறான் என்று பார். என்னை இந்த நாற்பது வருஷத்தில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் நான் நல்லவனாகியிருப்பேன். உன் பெண்டாட்டி ஒருத்திதான் பார்த்தாள், அவளும் பார்த்ததை எனக்காக மூடி வைத்தாள்.

இன்று காலை நெல் குதிருக்குப் பின்னால் கிடந்த லஸ்தரை எடுத்தேன். துடைத்தேன். இருக்கிற தொங்கட்டான்களை மட்டும் கோத்து, இல்லாத இடத்தை மொட்டையாகவே விட்டு, நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பொக்கை வாய்க்காரன் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. உன் அம்மா, “இன்னாத்துக்கு இந்த மூளிய இப்ப எடுத்து மாட்ற?” என்று கேட்டாள். நாளை மறுநாள் உன் வழியனுப்பு விருந்துக்கு ஒதியம்பட்டு சம்பந்தி வருகிறார், கிருமாம்பாக்கத்து அத்தை வருகிறாள், மொய்தீன் பாயையும் வரச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை, திறந்தே உன் கையில் தருகிறேன். நீ படித்து முடித்ததும் திருப்பிக் கொடு. எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும், அந்த மூளிக்குக் கீழே நின்று நானே உரக்கப் படிக்கப் போகிறேன். சிரிக்கட்டும். ஏரியில் தண்ணீர் தளும்புகிற அளவுக்குச் சிரிக்கட்டும். தாங்குவேனா என்று பார்த்துவிடலாம்.

அவளுடைய டிரங்குப் பெட்டியை நானே துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. “என்னோட வரியா?” என்று கேட்கவேண்டியவன் நீ. என் தப்புக்காக அவளைக் கூட்டிப்போனதாக இருக்கக்கூடாது. அதற்கு அவள் வரமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அவளை நிமிர்ந்து பார்க்காமல் ரசம் வாங்கிக் குடித்தாயே, அதற்கு நீ தனியாக ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள். அது உன் கணக்கு, அதில் நான் குறுக்கே வரமாட்டேன்.

இதையெல்லாம் நீ நம்பமாட்டாய் என்று ஆணையிட்டேனல்லவா? நம்பாதே. அந்த லஸ்தருக்கு நூற்றெட்டுக் கை இல்லை, ஆறு கை. அதைத் தூக்க யானை வேண்டாம், நானே ஒருத்தனாகத் தூக்கி வந்தேன். சாவடிக்காரன் தொப்பியைக் கழற்றவில்லை, போ போ என்று கையை ஆட்டினான். சம்பந்தியின் தலைப்பாகை விழவில்லை. எறும்புக்குத் தலைப்பாகையும் இல்லை, கொம்பும் இல்லை. சொல்லப்போனால் எறும்பே வரவில்லை, வடத்தில் மண்ணெண்ணெய் தடவியிருந்தேன். கடைசி வரைக்கும் நீ சிரித்துக்கொண்டே படிக்கவேண்டும் என்று, பழக்கதோஷத்தில், இந்தக் கடிதத்திலும் அளந்துவிட்டேன். இத்தனையிலும் நிஜமான இடம் ஒரு துவரம்பருப்பு அளவுதான்.

உருகின கற்கண்டு கொதிக்கக் கொதிக்க ஒரே ஒரு சொட்டு அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. அவள் துடித்து எழுந்து, சுட்ட இடத்தை வாயில் வைத்தாள். இனித்திருக்கவேண்டும். அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் யாருக்கும் தெரியாமல் விரலை உதட்டில் வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய், அடுப்பில் சுட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள்.

அடுப்பு இல்லைடா. நான்.